பின்கட்டில் கொஞ்சம் இடம்: சமையலறைக் கழிவில் உரம் போட எங்கிருந்து தொடங்குவது?

பின்கட்டு (வேளச்சேரி)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம் இருக்கிறது. அதில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. மீதியில் வெண்டையும் கீரையும் போட ஆசை. ஆனால் மண் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. வீடு கட்டியபோது கொட்டிய மணலும் உடைந்த செங்கல்லும்தான். மண்வெட்டி போட்டால் கல்லில்தான் இடிக்கிறது.

வீட்டில் நான்கு பேர். தினமும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள் சேர்கிறது. இங்கிருந்து பெருங்குடி குப்பைமேடு கூப்பிடு தூரம். அதை ஒட்டித்தான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம். என் வீட்டுப் பூசணித் தோல் அங்கே போய் மலையாகச் சேர வேண்டுமா என்பது ரொம்ப நாளாக உறுத்துகிறது. என் மண்ணுக்குத் தேவையானதையே நான் வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை: பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் எங்கள் பின்கட்டைப் பார்த்து இருக்கிறது, நாற்றம் வராமல் செய்ய முடியுமா? டிசம்பர் மழையில் என்ன ஆகும்? பெருச்சாளி உண்டு. சீக்கிரம் மக்குவதற்கென்று கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடி, கல்ச்சர் பொடி என்கிறார்கள், அது அவசியமா?

செம்மண் (கோவை)

தொட்டி எது, பொடி எது என்று எல்லோரும் தேடுவார்கள். முதலில் தேட வேண்டியது காய்ந்த இலை. மூன்று நான்கு சாக்கு காய்ந்த இலை கைவசம் சேரும்வரை ஒரு தோலைக்கூடத் தொட்டியில் போடாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

காரணம் எளிது. நுண்ணுயிர்கள் தின்று பெருக கார்பனும் நைட்ரஜனும் வேண்டும், ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் என்ற அளவில். காய்கறிக் கழிவில் நைட்ரஜன் அதிகம், தண்ணீர் அதைவிட அதிகம். வெள்ளரியும் தர்பூசணியும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதை மட்டும் ஒரு வாளியில் போட்டு மூடினால், தானாகக் குழைந்து, காற்றுப் போகும் சந்தெல்லாம் அடைத்துக்கொள்ளும். காற்று இல்லாத இடத்தில் வேறு வகைப் பாக்டீரியா வேலையைத் தொடங்கும், அதுதான் நாற்றம். காய்ந்த இலை இரண்டு வேலை செய்கிறது. கார்பனைக் கொடுக்கிறது, நடுவில் காற்றுக்கு இடமும் விடுகிறது.

அளவை எடை போட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு மக் ஈரக் கழிவுக்கு இரண்டு மக் நொறுக்கிய இலை, போட்டதும் மேலே ஈரமே கண்ணுக்குத் தெரியாதபடி இன்னும் ஒரு கை இலை. இந்தக் கடைசிக் கை இலையை விடாமல் போட்டாலே ஈயும் வராது, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் எதுவும் போகாது.

எந்த இலை? தூங்குமூஞ்சி இலை பொடிசு, சீக்கிரம் மக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். புங்கன், வேம்பு, முருங்கை எல்லாம் நல்லது. மாவிலையும் வாதாம் மரத்து இலையும் தோல்போல் தடிப்பு, மிதித்து நொறுக்காமல் போட்டால் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும். மரத்தூள் கிடைக்கிறதே என்று அள்ளிக் கொட்டாதீர்கள். அதில் கார்பன் 300 பங்குக்கும் மேல், மக்க ரொம்பக் காலம் எடுக்கும். கொஞ்சமாகத் தூவினால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும்.

மாசி, பங்குனியில் மரங்கள் கொட்டும்போது சேர்த்துவிடுங்கள். தெரு கூட்டுபவர்களிடம் சொன்னால் ஒரு சாக்கில் கட்டித் தருவார்கள். அவர்களுக்கும் சுமை குறையும். சரி, அதில் பால் பாக்கெட் மூலையும் ஷாம்பு கவரும் இருக்கும், பொறுக்க வேண்டும். எங்கள் தெருவில் இன்னமும் சிலர் இலையைக் கூட்டி எரிக்கிறார்கள். தெருவில் குப்பை எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016இலேயே சொல்லிவிட்டன. அந்தப் புகையைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். ஒரு தோட்டத்துக்கு வேண்டிய உரம் அது.

காவிரிக்கரை (தஞ்சாவூர்)

செம்மண் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கணக்குப் பார்த்து இலை போட்டதில்லை. கொல்லையில் எருக்குழி இருக்கும். சாணி, மாட்டுத் தொழுவத்தில் கூட்டிய வைக்கோல், அடுப்புச் சாம்பல், வாழைச் சருகு, சமையல் கழிவு எல்லாம் அதில் போகும். வருடத்துக்கு ஒரு முறை சித்திரையில் வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்குப் போகும். மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினால் போதும், காசே ஆகாது. தொட்டி எதற்கு?

செம்மண் (கோவை)

ஐயா, நீங்கள் சொல்லும் எருக்குழியில் இலைக்குப் பதிலாக வைக்கோலும் சருகும் இருந்தன. கணக்குப் பார்க்காமலேயே கணக்கு சரியாக இருந்தது. மாடு இருக்கிற வீட்டில் சாணியோடு நுண்ணுயிர்களும் தினமும் வந்து சேரும். நகரத்து வீட்டில் இந்த இரண்டுமே இல்லை, தோல் மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம், இவர் இருப்பது வேளச்சேரி. 2015இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் நின்ற பகுதி. அங்கே மூன்றடி குழி வெட்டினால் ஐப்பசியில் அது கிணறாகிவிடும். தரைக்கு மேலேதான் வைக்க வேண்டும். அந்த உடைந்த செங்கல்லையும் மணலையும் கொட்டி, ஒரு மூலையை ஓரடி மேடாக்கிவிட்டு அதன்மேல் வைக்கலாம்.

எதில் வைப்பது என்றால், கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை ஒன்றிரண்டு நல்ல தேர்வு. அடி திறந்திருப்பதால் அதிக நீர் மண்ணுக்குள் இறங்கும், மண்புழு கீழிருந்து தானாக ஏறி வரும். உறை வாங்க வசதி இல்லையென்றால் செங்கல்லைச் சாந்து பூசாமல், இடைவெளி விட்டு மூன்றடிக்கு மூன்றடி அடுக்குங்கள். நாடெப் தொட்டி என்று சொல்வார்களே, அதன் சுவரும் இப்படித்தான் ஓட்டை விட்டுக் கட்டப்படுகிறது, காற்று நாலாபுறமும் போக வேண்டும் என்பதற்காக. மகாராஷ்டிரத்தில் நாடெப் காகா என்று அழைக்கப்பட்ட ஒரு விவசாயி கொண்டுவந்த முறை அது. அவர் தொட்டி பெரியது, பத்தடி நீளம். நமக்கு அதன் சுவர் மட்டும் போதும்.

பெருச்சாளிக்கு: அடியில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டட் கம்பி வலை. கோழி வலை வேண்டாம், எலிக்குஞ்சு நுழைந்துவிடும். மேலே மூடி, அதன்மேல் ஒரு தகரமோ பழைய ஃபிளெக்ஸோ சாய்வாக. மழைத்தண்ணீர் நேராக உள்ளே விழவே கூடாது. ஃபிளெக்ஸை இறுக்கிக் கட்டாதீர்கள், பக்கவாட்டில் காற்று வரட்டும்.

வெந்தயம் (திருச்சி)

நான் அடுக்குமாடி பால்கனியில் மூன்றடுக்கு மண்பானை வைத்திருக்கிறேன். அதனால் கல்ச்சர் பொடி பற்றி மட்டும் சொல்கிறேன். அவசியமில்லை. புளித்த மோரை ஐந்து மடங்கு தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். அல்லது ஒரு கைப்பிடி பழைய உரம், அதுவும் இல்லாவிட்டால் மரத்தடி மண் ஒரு கைப்பிடி. கோயில் பக்கம் மாடு இருந்தால் கொஞ்சம் சாணி கரைத்து ஊற்றுங்கள். தோலிலும் இலையிலும் ஏற்கெனவே நுண்ணுயிர் இருக்கிறது. ஈரமும் காற்றும் சரியாக இருந்தால் அவை தாமே பெருகும். அவை சரியாக இல்லாத தொட்டியில் எந்தப் பொடியைத் தூவினாலும் நாற்றம் போகாது.

இலை கிடைக்காத என் போன்றவர்களுக்குத் தென்னை நார்க்கழிவு கைகொடுக்கிறது. கட்டியாக விற்பதை உதிர்த்து, காயவைத்துப் பயன்படுத்துங்கள். ஊறவைத்த ஈரத்தோடே போட்டால் அது வேறு தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆனால் அது மட்டுமே போட்டால் மெதுவாகத்தான் மக்கும், கார்பன் 100 பங்குக்கு மேல். முட்டை அட்டையையும் பழைய அட்டைப்பெட்டியையும் கிழித்துக் கூடவே போடுகிறேன்.

பின்கட்டு (வேளச்சேரி)

உறை நல்ல யோசனை. ஈரம் சரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எத்தனை நாளைக்கு ஒரு முறை கிளற வேண்டும்? உள்ளே சூடாகும் என்றும் படித்தேன், அது நல்லதா?

செம்மண் (கோவை)

கையை விட்டு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. தாரையாக வழிந்தால் இலை சேர்த்துக் கிளற வேண்டும். கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கத்திரி வெயிலில் இந்த மூன்றாவதுதான் நடக்கும், எறும்பு புற்று வைத்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மூக்கும் சொல்லும். அழுகிய முட்டை வாடை என்றால் காற்று இல்லை. மூத்திர வாடை என்றால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறக்கிறது, இலை போதவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், காய்ந்த இலை போட்டுக் கிளறுவது. வாரம் ஒரு முறை கிளறினால் போதும். அடியோடு புரட்ட வேண்டியதில்லை, ஒரு கம்பியால் நாலைந்து இடத்தில் குத்தித் தூக்கிவிட்டாலும் காற்றுப் போகும்.

சூடு பற்றி. கன அளவில் மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடியாவது இருந்து, ஒரே நேரத்தில் நிரப்பினால்தான் குவியல் 55 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்ட் 1920களில் உருவாக்கிய முறை அப்படிப்பட்டது, அடுக்கடுக்காகப் போட்டுப் புரட்டுவது. தினம் ஒரு கிலோ போடும் வீட்டுத் தொட்டி லேசாக வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். மக்குவதற்கு அது போதும், ஆனால் விதையும் நோயும் சாகாது. அதனால் விதை பிடித்த களை, பார்த்தீனியம், கோரைக் கிழங்கு, வாடல் நோய் வந்த தக்காளிச் செடி எதுவும் உள்ளே போகக் கூடாது. பூசணி விதையும் மாங்கொட்டையும் உள்ளேயே முளைக்கும், அது பரவாயில்லை, பிடுங்கி அங்கேயே போட்டுவிடலாம்.

பனைவளவு (யாழ்ப்பாணம்)

இந்த இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இங்கே 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தபோது எல்லாரும் கூட்டெரு செய்யச் சொன்னார்கள். செய்யத் தெரிந்தவர்கள்கூடத் திண்டாடினார்கள், ஏனென்றால் ஒரு போகத்துக்குத் தேவையான சேதனப் பசளையை, அதாவது இயற்கை உரத்தை, ஒரு மாதத்தில் உண்டாக்க ஏலாது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையைத் தளர்த்தினார்கள். வீட்டு வளவில் சிறிய அளவில் முன்னமே செய்துகொண்டிருந்தவர்களுக்கு மட்டும் மரக்கறிப் பாத்திக்குக் கையில் ஏதோ இருந்தது. ஆகவே இலை சேர்க்கும் வேலையை இன்றைக்கே தொடங்குங்கள்.

எங்கள் பக்கம் பனை ஓலையை வெட்டித் தோட்ட மண்ணுக்குள் தாழ்ப்பது பழைய வழக்கம். ஓலை மெல்ல மெல்ல மக்கி, மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் தென்னோலையையும் துண்டு துண்டாக வெட்டித் தொட்டியின் அடியில் அரை அடிக்குப் போடலாம். ஈர்க்கு மக்காது, கிழித்து எடுத்துவிடுங்கள், விளக்குமாற்றுக்கு உதவும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் கிணறு இருந்தால் தொட்டியை அதன் பக்கத்தில் வைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நிலத்தடி சுண்ணாம்புக்கல், மேலே போடுவது நேரே கிணற்றுக்குப் போய்ச் சேரும். கிணற்று நீரில் நைட்ரேட் கூடுதலாக இருப்பது இங்கே பல ஆய்வுகளில் வந்த விடயம். மாரியில் தொட்டியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்தால் அது பசளைச் சத்து வீணாகிறது என்றும் அர்த்தம்.

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

தென்னை இருக்கிறது என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார், இதுவரை யாரும் காண்டாமிருக வண்டைப் பற்றிப் பேசவில்லை. தென்னை வைத்திருப்பவர்கள் உரக்குழி போடுமுன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அந்த வண்டு முட்டை இடுவது மரத்தில் இல்லை, எருக்குழியிலும் மக்கிய குப்பையிலும்தான். அங்கே புழு வளர்ந்து வண்டாகி, பிறகு பறந்துபோய் மரத்தின் குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல் முக்கோண வெட்டு தெரிந்தால் அது இந்த வண்டின் வேலை. ஒரு மரம் இருக்கிற வீட்டில் அந்த ஒரு குருத்து போனால் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பயந்து உரம் போடாமல் இருக்க வேண்டாம். தொட்டிக்கு மேல் வலை மூடி இருந்தால் வண்டு இறங்க முடியாது. இறங்கினாலும், முட்டை வண்டாக ஐந்தாறு மாதம் ஆகும். அதற்குள் தொட்டியைக் காலி செய்து சலித்தால் புழு கையில் அகப்படும். கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளையாக, தலை பழுப்பாக, சுருண்டு கிடக்கும், முன்பக்கம் கால்கள் தெரியும். பொறுக்கி அழித்துவிடுங்கள். பெரிய குழி வைத்திருப்பவர்கள் மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்துவிடலாம், வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெடுநாளாகப் பரிந்துரைப்பது. அது புழுவைப் பிடித்துக் கொல்லும்.

வெந்தயம் (திருச்சி)

இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லாப் புழுவையும் கொன்றுவிடுவார்கள். தொட்டியில் முதலில் வருவது பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. தட்டையாக, பழுப்பாக, வரிவரியாக, கால் இல்லாமல், முக்கால் அங்குல நீளத்துக்குள் இருக்கும். நூற்றுக்கணக்கில் நெளியும்போது பார்க்கத் திகிலாக இருக்கும். ஆனால் அவைதான் மிக வேகமாகத் தின்று தீர்ப்பவை. வளர்ந்த ஈ நம்மைக் கடிக்காது, சோற்றில் வந்து உட்காராது. அவற்றை விட்டுவிடுங்கள். ரொம்ப அதிகமாகிவிட்டால் உள்ளே ஈரம் கூடியிருக்கிறது, இலை போடுங்கள். மேலே வெள்ளை நூல்போல் பூஞ்சாணம் படர்ந்தாலும் நல்லதே.

பின்கட்டு (வேளச்சேரி)

காண்டாமிருக வண்டு விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மிக்க நன்றி ஐயா. பக்கத்துத் தெருவில் ஒருவர் மண்புழு கிலோ கணக்கில் விற்கிறார். வாங்கி விடலாமா? அப்புறம் மீன் கழுவிய கழிவு, மீந்த சோறு, இவை?

காவிரிக்கரை (தஞ்சாவூர்)

மண்புழு வாங்காதீர்கள். விற்பது பெரும்பாலும் ஆப்பிரிக்க மண்புழு, யூட்ரிலஸ். சாணியும் பாதி மக்கிய கழிவும் போட்டுத் தனியாக வளர்க்க அது சரி. உங்கள் தொட்டியில் பச்சைத் தோல் தினமும் விழும், லேசாகச் சூடேறும், அதில் தங்காது. சென்னையில் மண்புழு ஆராய்ச்சி செய்த சுல்தான் இஸ்மாயில் உள்ளூர் மண்புழுக்களையே பயன்படுத்தச் சொல்லிவருகிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அடி திறந்த உறை, கீழே ஈர மண், மேலே இலை இருந்தால் அந்த மண்ணுக்குரிய புழு தானாக வரும். உங்கள் மணலில் இப்போது இருக்காது, முதல் உரத்தைப் பரப்பிய பிறகு பாருங்கள்.

மீனை உறைக்குள் போடவே வேண்டாம். பூனை, காகம், பெருச்சாளி மூன்றும் வந்து நிற்கும். மீன் கழிவு எவ்வளவோ அவ்வளவு நாட்டு வெல்லம் கலந்து, மூடிய டப்பாவில் ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம், கீரைக்கு அருமையாக வேலை செய்யும். மீந்த சோறு ஒரு கைப்பிடி போனால் தவறில்லை. குழம்பு, பொரியல், ஊறுகாய் வேண்டாம், உப்பும் எண்ணெயும் மண்ணுக்கு ஆகாது.

செம்மண் (கோவை)

ஐயா சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். சாம்பலில் மட்டும் எனக்கு வேறு கருத்து. எருக்குழி அளவுக்குச் சாம்பல் போனால் தெரியாது, சின்னத் தொட்டியில் காரத்தன்மை ஏறிவிடும், நைட்ரஜன் அம்மோனியாவாக வெளியேறும். உரம் தயாரான பிறகு பாத்தியில் லேசாகத் தூவுவது மேல். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்துப் போடுங்கள், முழுசாகப் போட்டால் அடுத்த வருடமும் ஓடாகவே வரும். எலுமிச்சைத் தோல் கொஞ்சம் போகலாம். தேங்காய்ச் சிரட்டை, நாய்க் கழிவு வேண்டாம்.

உறை இரண்டு வாங்குங்கள். ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு அடுத்ததில் போடத் தொடங்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் மேலே புதுத்தோல் விழுந்துகொண்டே இருக்கும், அடியில் தயாரானதை எடுக்கவே முடியாது. மூடியது நம் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்தில் தயாராகிவிடும். கறுப்பாக, உதிரியாக, முதல் மழை மண்வாசனையோடு இருக்கும், எது தோல் எது இலை என்று அடையாளம் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் எடுத்து வெந்தயம் தூவுங்கள். வழக்கம்போல் முளைத்துப் பச்சையாக நின்றால் போடலாம். முளை கருகினால் இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள்.

உரம் மட்டும் போட்டுச் செடி நடாதீர்கள். உங்கள் மணலுக்கு ஒரு பங்கு உரம், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு அந்த மணல். வீட்டு உரத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் வெறும் மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது, உரம் கலந்த மணலில் நிற்கும். உங்கள் இடத்துக்கு முதல் தேவை அதுதான்.

பின்கட்டு (வேளச்சேரி)

நாளைக்கு உறை விலை கேட்கப் போகிறேன். இலைக்கு எதிர்த் தெருவில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கின்றன, அங்கே கூட்டும் அம்மாவிடம் இன்றைக்கே பேசிவிட்டேன், சாக்கு கொண்டுவந்து கொடுங்கள் என்றார். கடைசியாக ஒன்று: முதல் உரத்தைத் தென்னைக்குப் போடுவதா, வெண்டைக்கா?

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

வெண்டைக்கும் கீரைக்கும் போடுங்கள். காய்க்கிற தென்னை ஒன்றுக்கு வருடத்துக்கு 50 கிலோ மக்கிய எரு சொல்வார்கள், உங்கள் முதல் உறையில் வருவதை மரமே முழுங்கிவிடும், பாத்திக்கு மிஞ்சாது. மரத்துக்கு அதன் மட்டையையும் ஓலையையும் வெட்டி, தூரிலிருந்து ஆறடி வட்டத்துக்குள் மூடாக்காகப் பரப்பி, சமையலறையில் அரிசி கழுவிய தண்ணீரை அதன்மேல் விடுங்கள். இரண்டாவது உறை நிரம்பியதும் மரத்துக்குக் கொடுக்கலாம், ஆடி ஆவணியில் நல்ல மழை பெய்து மண் நனைந்த பிறகு. உறையை மரத்தூரிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள், பத்தடியில் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு.